மாநிலச் சட்டத்துக்கு ஃபெடரல் நீதிமன்றத்தில் தடை வாங்குவது: யாரைப் பிரதிவாதி ஆக்குவது, எங்கே சறுக்கும்?

கட்டளை39 கேட்டது:

இந்திய உரிமையியல் நடைமுறையில் பழகியவர்களுக்கு அமெரிக்கத் தடையாணை வழக்குகளைப் படிக்கும்போது பாதி வழியில் பிடி நழுவிவிடுகிறது. ஒரு மாதிரி வழக்கை வைத்துக் கேட்கிறேன். தெரிந்தவர்கள் பிரித்துச் சொல்லுங்கள்.

ஒரு மாநிலச் சட்டமன்றம் புதுச் சட்டம் போடுகிறது. வயது வரம்புள்ள சில பொருட்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் லாரி நிறுவனங்கள் வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும். தவறினால் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று அபராதம். சட்டம் அமலுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பிவிட்டார்.

ஒரே முதலாளிக்கு மூன்று நிறுவனங்கள். இரண்டு, முணுமுணுத்துக்கொண்டே கீழ்ப்படிகின்றன. மூன்றாவது மறுத்துவிட்டது. அதன் மேல் மாநில நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் அபராத வழக்குப் போட்டிருக்கிறார்.

ஃபெடரல் பக்கத்தில் 1994-இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றிய சட்டம் இருக்கிறது: 49 யு.எஸ்.சி. (அமெரிக்கச் சட்டத் தொகுப்பு) 14501(சி)(1). லாரி நிறுவனங்களின் கட்டணம், வழித்தடம், சேவை தொடர்பாக மாநிலங்கள் சட்டம் போடக் கூடாது என்கிறது.

மூன்று நிறுவனங்களும் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் தடை கேட்டால் யார் மேல் கேட்க வேண்டும்? மாநில நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கை ஃபெடரல் நீதிபதி நிறுத்துவாரா? முன்னறிவிப்பு இல்லாமல் உத்தரவு கிடைக்குமா, எத்தனை நாள் நிற்கும்? தடை கிடைத்தால் அந்தச் சட்டமே முடங்கியதாக அர்த்தமா? நம் அரசியல் சட்டத்தின் 254(2) போல மாநிலச் சட்டத்தைக் காப்பாற்றும் வழி ஏதும் அங்கே உண்டா?

---

ஓரக்குறிப்பு:

முதல் கேள்வியைத்தான் விரிவாக எடுக்கிறேன். பெரும்பாலான மனுக்கள் தலைப்பிலேயே தோற்பதற்குக் காரணம் அதுதான்.

நம் பழக்கத்தில் முதல் எதிர்மனுதாரர் என்றால் "தமிழ்நாடு அரசு, அதன் செயலாளர் வழியாக" என்று கை தானாக எழுதிவிடும். ஃபெடரல் நீதிமன்றத்தில் அப்படி எழுதினால் அந்தப் பிரதிவாதி ஆரம்பத்திலேயே கழன்றுகொள்வார். பதினோராவது திருத்தம் (1795) மாநிலத்தின் மேல் தனியார் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. மாநிலத்தின் பெயரும் கூடாது, அதன் துறையின் பெயரும் கூடாது.

இதற்கு வழி திறந்துவிட்டது 1908-இல் வந்த எக்ஸ் பார்ட்டே யங் தீர்ப்பு. மினசோட்டா ரயில் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது. ரயில் கம்பெனிகளின் பங்குதாரர்கள் ஃபெடரல் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் யங் அதை மதிக்காமல் மாநில நீதிமன்றத்தில் நடவடிக்கை தொடங்கினார். அவமதிப்புக் குற்றத்தில் சிக்கினார். உச்ச நீதிமன்றம் அவரை விடுவிக்க மறுத்தது. அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரி அந்த அளவில் மாநிலம் என்ற போர்வையை இழந்துவிடுகிறார், அவரைத் தடுப்பது மாநிலத்தைத் தடுப்பதாகாது என்பது அதன் சாரம். சட்டப் புனைவுதான். ஆனால் நூறாண்டுக்கும் மேலாக எல்லாரும் அதன் மேல்தான் நிற்கிறார்கள்.

ஆகவே உங்கள் மாதிரி வழக்கில் பிரதிவாதி அட்டர்னி ஜெனரல். அவர் பெயரைப் போட்டு, பக்கத்தில் "அலுவல் பொறுப்பில்" என்று சேர்க்க வேண்டும். அந்த இரண்டு சொற்களை விட்டால் தனிப்பட்ட முறையில் நஷ்டஈடு கேட்கும் வழக்கு போலத் தோன்றும், விவாதம் வேறு பக்கம் போய்விடும். அலுவல் பொறுப்பில் போட்டால் இன்னொரு வசதி: அவர் தேர்தலில் தோற்றுப் போனாலும் ஃபெடரல் உரிமையியல் நடைமுறை விதி 25(டி)-யின்படி அடுத்து வருபவர் தானாகவே அந்த இடத்தில் வந்துவிடுவார்.

அடுத்த பொறி: அந்தச் சட்டத்தை அமல்படுத்துவதில் அந்த அதிகாரிக்கு ஏதாவது நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். "மாநிலச் சட்டங்களை ஆளுநர் செயல்படுத்துவார்" என்ற பொதுவான வரியைப் பிடித்துக்கொண்டு ஆளுநரை இழுத்தால் பெரும்பாலும் நிற்காது. சட்டத்தின் அபராதப் பிரிவை வரி வரியாகப் படியுங்கள். "அட்டர்னி ஜெனரல் அல்லது மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடரலாம்" என்று இருந்தால் அட்டர்னி ஜெனரலைக் கட்டிப்போட்டு மட்டும் பயனில்லை. மறுநாளே ஏதோ ஒரு கவுண்டியின் வழக்கறிஞர் வழக்குப் போடுவார். அவர்களையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

யார் கையிலும் அமலாக்க அதிகாரம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சஸின் எஸ்.பி. 8 உதாரணம். 2021 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்த கருக்கலைப்புச் சட்டம் அது. அமலாக்கத்தை அரசு அதிகாரிகளிடமிருந்து எடுத்து, குறைந்தது 10,000 டாலர் கேட்டு எந்தத் தனிநபரும் வழக்குப் போடலாம் என்று வைத்தார்கள். தடுப்பதற்கு ஆள் இல்லாமல் செய்வதே அந்த வரைவின் நோக்கம். நீதிபதிகளையும் நீதிமன்ற எழுத்தர்களையும் பிரதிவாதி ஆக்கிப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மருத்துவ உரிமம் வழங்கும் அதிகாரிகள் மேல் மட்டும் வழக்குத் தொடரலாம் என்று ஒரு சந்து விட்டது. அவர்களுக்கும் அந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் இல்லை என்று 2022 மார்ச்சில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்தச் சந்தும் அடைபட்டது.

கோரிக்கையில் இரண்டு விஷயங்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒன்று, கட்டிய அபராதத்தைத் திருப்பிக் கேட்பது. மாநிலக் கருவூலத்திலிருந்து பழைய பணம் வராது (எடல்மன் எதிர் ஜோர்டன், 1974). இரண்டு, "இந்தச் சட்டம் மாநிலத்தின் சொந்த அரசியல் சட்டத்துக்கும் முரண்" என்று ஒரு பத்தி சேர்ப்பது. மாநில அதிகாரி மாநிலச் சட்டத்தை மீறுகிறார் என்று சொல்லி ஃபெடரல் நீதிமன்றம் தடை போட முடியாது (பென்ஹர்ஸ்ட், 1984). வலு சேர்க்கிறோம் என்று நினைத்துச் சேர்ப்பார்கள். எதிர்த்தரப்புக்குத் தள்ளுபடி மனு போட ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

254(2) பற்றி: அப்படிப் பொதுவான ஏற்பாடு அங்கே இல்லை. குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தைத் தாண்டி நிற்பது நம்முடைய ஏற்பாடு. அங்கே விலக்கு வேண்டுமென்றால் அந்தந்த ஃபெடரல் சட்டமே இடம் கொடுத்திருக்க வேண்டும். தூய காற்றுச் சட்டத்தில் கலிஃபோர்னியாவின் வாகனப் புகை விதிகளுக்கு விலக்கு தரும் பிரிவு அப்படிப்பட்டது. உங்கள் லாரிச் சட்டத்திலும் வாகனப் பாதுகாப்பு தொடர்பான மாநில அதிகாரத்துக்கு விலக்கு இருக்கிறது. மாநிலம் கண்டிப்பாக அதைத்தான் பிடிக்கும். "வயது வரம்பும் பாதுகாப்புதானே" என்பார்கள். மெய்ன் மாநிலத்தின் புகையிலை விநியோகச் சட்டம் ஏறக்குறைய உங்கள் மாதிரி போலவே இருந்தது. பொதுச் சுகாதாரம் என்ற பெயரில் விலக்குக் கேட்டார்கள். 2008-இல் ரோ எதிர் நியூ ஹாம்ப்ஷயர் மோட்டார் டிரான்ஸ்போர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உங்கள் முகாந்திரம் முழுக்க அந்தத் தீர்ப்புத்தான்.

---

மூன்றாம்பெஞ்சு:

ஓரக்குறிப்பு சொன்னதோடு ஒன்று. "ஃபெடரல் சட்டமே உயர்ந்தது" என்னும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாவது சட்டக்கூறை மட்டும் காட்டி வழக்கு மூலம் என்று எழுதாதீர்கள். அந்தக் கூறு தன்னளவில் யாருக்கும் வழக்குரிமை தருவதில்லை என்று 2015-இல் ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கில் சொல்லியாகிவிட்டது. அடித்தளம் நீதிமன்றத்தின் பழைய சமநீதி அதிகாரம் என்று எழுத வேண்டும். காங்கிரஸ் அந்த வழியை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். உங்கள் விஷயத்தில் கவலை குறைவு. விமான நிறுவனங்களுக்கு 1978-இல் வந்த சட்டத்தின் வாசகத்தைத்தான் 1994-இல் லாரிகளுக்கும் எடுத்துப் போட்டார்கள். அந்த விமானச் சட்டத்தின் கீழ் டெக்சஸ் அட்டர்னி ஜெனரலுக்கு எதிராக வாங்கிய தடை மொராலஸ் வழக்கில் (1992) உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது.

மொராலஸை முழுதாகப் படியுங்கள். டெக்சஸ் அனுப்பியிருந்த நோட்டீஸ் கட்டண விளம்பரம் பற்றி மட்டும். கீழ் நீதிமன்றம் அதையும் தாண்டி மற்ற விதிகளுக்கும் சேர்த்துத் தடை போட்டிருந்தது. அந்த அதிகப்படியை உச்ச நீதிமன்றம் வெட்டிவிட்டது. கடிதத்தில் எந்தப் பிரிவு மிரட்டப்பட்டதோ அந்தப் பிரிவுக்குத்தான் தடை. உங்கள் அட்டர்னி ஜெனரல் அனுப்பிய கடிதத்தில் அடையாள அட்டைப் பிரிவு மட்டும் இருந்து, பதிவேட்டுப் பிரிவு இல்லையென்றால், இரண்டாவதுக்கு அச்சுறுத்தல் எங்கே என்று நீதிபதி கேட்பார்.

மாநில நீதிமன்றத்தில் நிற்கும் வழக்குக்கு வருகிறேன். 28 யு.எஸ்.சி. 2283 என்று ஒரு சட்டம். வேர் 1793 வரை போகிறது. மாநில நீதிமன்ற நடவடிக்கையை ஃபெடரல் நீதிமன்றம் தடுக்கக் கூடாது. விதிவிலக்கு மூன்றுதான்: காங்கிரஸ் வெளிப்படையாக அனுமதித்திருக்க வேண்டும், அல்லது ஃபெடரல் நீதிமன்றத்தின் சொந்த அதிகார வரம்பைக் காக்கத் தேவைப்பட வேண்டும், அல்லது அதன் தீர்ப்பை நிறைவேற்றத் தேவைப்பட வேண்டும். 42 யு.எஸ்.சி. பிரிவு 1983-இன் கீழ் (மாநில அதிகாரிகள் உரிமையைப் பறித்தார்கள் என்று) வரும் வழக்கு முதல் விதிவிலக்கில் அடங்கும் (மிட்சம் எதிர் ஃபாஸ்டர், 1972). ஆனால் உங்களுடையது பிரிவு 1983 வழக்கு இல்லை, வெறும் ப்ரீஎம்ப்ஷன், அதாவது ஃபெடரல் சட்டம் மாநிலச் சட்டத்தை ஒதுக்கிவிடுகிறது என்ற வாதம். ஆக அந்த மூன்றாவது நிறுவனத்தின் மேல் நடக்கும் வழக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்பதே வீண்.

2283-ஐத் தாண்டினாலும் யங்கர் கோட்பாடு (1971) நிற்கிறது. மாநிலத்தில் குற்ற வழக்கு நடந்துகொண்டிருந்தால் ஃபெடரல் நீதிமன்றம் கை வைக்காது. குற்ற வழக்கை ஒத்த அரசுத் தரப்பு அபராத வழக்குக்கும் அது பொருந்தும். அந்த நிறுவனம் தன் ப்ரீஎம்ப்ஷன் வாதத்தை மாநில நீதிபதியிடமே சொல்ல வேண்டும். அவரும் ஆறாவது கூறால் கட்டுப்பட்டவர்தான்.

மற்ற இரண்டும் பிழைத்துக்கொள்ளும். டோரன் எதிர் சேலம் இன் (1975) அப்படியே இதற்குப் பொருந்துகிறது. நியூயார்க் மாநிலத்தில் மூன்று மதுக்கூடங்கள் ஓர் உள்ளூர் விதியை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றம் போயின. ஒன்று மட்டும் மனுப் போட்ட மறுநாளே விதியை மீறி, குற்ற வழக்கில் மாட்டிக்கொண்டது. அதற்குக் கதவு சாத்தப்பட்டது. அடங்கி இருந்த இரண்டுக்கும் இடைக்காலத் தடை நிலைத்தது.

---

ஓரக்குறிப்பு:

டோரனைப் பார்த்ததும் நிம்மதி அடைய வேண்டாம். அந்த மூன்று மதுக்கூடங்களுக்கும் வக்கீல் ஒருவர், தொழிலும் ஒன்று. ஆனால் உரிமை, நிர்வாகம், கட்டுப்பாடு மூன்றும் தனித்தனி. தீர்ப்பே அதைக் குறிப்பிட்டுச் சொல்கிறது, மிக நெருக்கமான தரப்புகளாக இருந்தால் எல்லாருக்கும் சேர்த்து யங்கர் பொருந்தலாம் என்ற வாசலையும் திறந்து வைக்கிறது. கேள்வியில் இருக்கும் மூன்றுக்கும் முதலாளி ஒருவர். அரசுத் தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

என் யோசனை, மூன்றாவது நிறுவனத்தை ஃபெடரல் மனுவில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் மூன்றும் ஒரே படகு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். மற்ற இரண்டுக்கும் தனி இயக்குநர் குழு, தனி உரிமம், தனி வாகனங்கள் இருப்பதை ஆவணத்தோடு காட்ட வேண்டும். அந்த அளவுக்குப் பிரிவு உண்மையில் இல்லையென்றால் எல்லாரும் மாநில நீதிமன்றத்துக்கே போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இதில் தேதியும் முக்கியம். ஃபெடரல் மனுவை நாம் முந்திப் போட்டுவிட்டோம் என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது. ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கின் சாரம் பற்றி உருப்படியான விசாரணை நடப்பதற்கு முன் மாநிலம் வழக்குத் தொடங்கிவிட்டால் யங்கர் பொருந்தும் (ஹிக்ஸ் எதிர் மிராண்டா, 1975). இரண்டு நிறுவனங்களும் தடை கைக்கு வரும்வரை சட்டத்துக்கு அடங்கி நடக்க வேண்டியதன் காரணம் அதுதான். ஒரே ஒரு பொட்டலம் தவறினால் போதும்.

---

கட்டளை39:

இருவருக்கும் நன்றி. மூன்றாவது நிறுவனத்தின் மேல் உள்ள மாநில வழக்கை அப்படியே ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாதா? ஃபெடரல் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்விதானே. மேலும், கீழ்ப்படிந்துகொண்டே இருக்கும் நிறுவனத்துக்கு "ஈடுகட்ட முடியாத இழப்பு" என்று எதைக் காட்டுவது?

---

மூன்றாம்பெஞ்சு:

மாற்ற முடியாது. மாநிலம் போட்ட பிராதில் மாநிலச் சட்டம் மட்டும்தான் இருக்கும். ஃபெடரல் சட்டம் உங்கள் எதிர்வாதத்தில் வருகிறது. எதிர்வாதத்தை வைத்து வழக்கை மாற்ற இயலாது (கேட்டர்பில்லர், 1987). தெரியாமல் மாற்றல் நோட்டீஸ் போட்டுவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அந்த உத்தரவுக்குப் பெரும்பாலும் மேல்முறையீடும் இல்லை. இடையில் சில வாரங்களும் வக்கீல் கட்டணமும் போயிருக்கும்.

அதே ப்ரீஎம்ப்ஷனை வாதியாக நின்று, அதிகாரியைத் தடுக்கக் கேட்டு நீங்கள் கொண்டுபோனால் ஃபெடரல் அதிகார வரம்பு உண்டு. ஷா எதிர் டெல்டா (1983) தீர்ப்பின் 14-ஆம் அடிக்குறிப்பு அதைச் சொல்கிறது. பலரும் தீர்ப்பின் உடலைத் தேடி அலைவார்கள், விஷயம் கீழே பொடி எழுத்தில் கிடக்கும்.

---

சுங்கச்சாவடி:

இழப்பு, உத்தரவின் ஆயுள், பிணைத்தொகை பற்றி நான் சொல்கிறேன். ஃபெடரல் உரிமையியல் நடைமுறை விதி 65-தான் எல்லாம்.

நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39-இல் மூன்று கால்கள்: முகாந்திரம், வசதி சமநிலை, ஈடுகட்ட முடியாத இழப்பு. அங்கே வின்ட்டர் தீர்ப்பின்படி (2008) நான்கு. வெல்லும் வாய்ப்பு, தடை இல்லாவிட்டால் ஈடுகட்ட முடியாத இழப்பு நேரக்கூடும் என்பது, இரு தரப்புச் சமநிலை, பொதுநலம். இழப்பு வெறும் சாத்தியமாக இருந்தால் போதாது, நேரும் வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டும். எதிரே அரசு இருக்கும்போது கடைசி இரண்டும் ஒன்றாகிவிடும்.

கீழ்ப்படியும் நிறுவனத்துக்கு இழப்பு என்ன என்று கேட்டீர்கள். சாதாரண வழக்கில் பண இழப்பு ஈடுகட்ட முடியாத இழப்பு ஆகாது. இங்கே ஆகும், ஏனென்றால் பிறகு மாநிலத்திடம் அந்தப் பணத்தை வாங்க வழியில்லை. மேலே சொன்ன எடல்மன் இங்கே உங்களுக்குச் சாதகமாகத் திரும்புகிறது. பல சர்க்கியூட்களில் (வட்டார ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள்) இந்த வாதம் எடுபடுகிறது. ஆனால் கணக்கோடு வர வேண்டும். "பெருத்த நஷ்டம்" என்று எழுதிய பிரமாணப் பத்திரம் குப்பைக்குத்தான் போகும். ஒரு பொட்டலத்துக்கு அடையாளம் சரிபார்க்க ஓட்டுநருக்கு எத்தனை நிமிடம் கூடுகிறது, ஒரு நாளில் ஒரு வண்டி எத்தனை வீடுகளைத் தவறவிடுகிறது, எந்த வழித்தடத்தை மாற்ற வேண்டியிருக்கிறது, கையடக்கக் கருவியில் மென்பொருள் மாற்ற என்ன செலவு: இவற்றை நேரில் அறிந்த இயக்க மேலாளர் சொல்ல வேண்டும். வக்கீலோ முதலாளியோ சொல்லக் கூடாது. இந்த எண்களுக்கு இரட்டைப் பயன் உண்டு. "வழித்தடம், சேவை" பாதிக்கப்படுகிறது என்ற முகாந்திரமும் இவற்றிலிருந்தே வருகிறது. நோட்டரி முத்திரை வேண்டாம், பொய்ச் சத்தியத் தண்டனைக்கு உட்பட்டு உண்மை என்ற வாசகமும் தேதியும் கையெழுத்தும் இருந்தால் 28 யு.எஸ்.சி. 1746 ஏற்றுக்கொள்கிறது.

ஒரு மாதம் சும்மா இருந்தது உறுத்தும். "அவ்வளவு அவசரமென்றால் சட்டம் கையெழுத்தானபோதே ஏன் வரவில்லை?" என்ற கேள்வி நிச்சயம். எச்சரிக்கைக் கடிதம் வந்த தேதியை முன்னால் வையுங்கள்.

முன்னறிவிப்பு இல்லாத தற்காலிகத் தடை, டி.ஆர்.ஓ., கிடைக்கும். இரண்டு நிபந்தனை: எதிர்த்தரப்பைக் கேட்பதற்குள் ஈடுகட்ட முடியாத இழப்பு நேர்ந்துவிடும் என்பதைக் குறிப்பான உண்மைகளோடு பிரமாணத்தில் காட்ட வேண்டும். அறிவிப்புத் தர என்ன முயற்சி எடுத்தோம், ஏன் தேவையில்லை என்று வக்கீல் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஒரு மின்னஞ்சல் தூரத்தில் இருக்கும்போது இரண்டாவதை எழுதக் கை கூசும். நேர்மையாகச் சொன்னால், அரசுக்கு எதிரான வழக்கில் அறிவிப்புக் கொடுத்துவிட்டே கேளுங்கள். அறிவிப்பில்லாத உத்தரவு 14 நாளில் தானாகச் செத்துவிடும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு முறை அதே அளவு நீட்டலாம். எதிர்த்தரப்பு இரண்டே நாள் அறிவிப்பில் அதை ரத்துச் செய்யக் கேட்கலாம். நம் கட்டளை 39 விதி 3ஏ-யில் 30 நாளுக்குள் முடிக்கச் சொல்லிவிட்டு, முடிக்காவிட்டாலும் உத்தரவு வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது வினோதமாக இருக்கும்.

தடை தவறு என்று பின்னால் தெரிந்தால் எதிர்த்தரப்பின் நஷ்டத்துக்காக வாதி கட்டும் பிணைத்தொகை விதி 65(சி)-இல் வருகிறது. அரசு பிரதிவாதியாக இருந்தால் பெயருக்கு ஒரு டாலர் என்று வைப்பதும் உண்டு, விலக்குவதும் உண்டு. மனுவில் ஒரு வரி இதற்கென்று இருக்கட்டும்.

---

மூன்றாம்பெஞ்சு:

உத்தரவின் வாசகம் பற்றி யாரும் சொல்லவில்லை. வரைவு உத்தரவை வாதியே தயாரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும், அதில்தான் சோம்பல் படுவார்கள். "பிரதிவாதி மேற்படிச் சட்டத்தை மனுவில் கண்டபடி அமல்படுத்தக் கூடாது" என்று ஒரு வரி. விதி 65(டி) இதை ஏற்காது. தடுக்கப்படும் செயலை உத்தரவே விவரிக்க வேண்டும், வேறு ஆவணத்தைக் காட்டி நழுவக் கூடாது. 1974-இல் ஷ்மிட் எதிர் லெசர்டு வழக்கில், விஸ்கான்சின் மாநிலத்துக்கு எதிராக "முன் சொன்ன கருத்துரையின்படி" என்று போட்டிருந்த தடையை இந்தக் காரணத்துக்காகவே உச்ச நீதிமன்றம் கீழே திருப்பி அனுப்பியது.

இப்படி எழுதலாம்: "இன்ன மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலும், அவருடைய அலுவலர்கள், முகவர்கள், ஊழியர்கள், வழக்கறிஞர்கள், இந்த உத்தரவை அறிந்து அவர்களோடு சேர்ந்து செயல்படுவோரும், இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு, இன்ன உட்பிரிவு ஆகியவற்றின் கீழ் வாதி நிறுவனங்கள் இரண்டின் மீதும் அபராத வழக்குத் தொடுப்பதோ, தொடுப்பதாக எழுத்தில் எச்சரிப்பதோ, அவற்றின் பதிவேடுகளை ஆய்வுக்குக் கேட்பதோ கூடாது." எந்த ஆள், எந்தச் செயல், யாருக்கு எதிராக என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இதிலேயே உங்கள் நான்காவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அந்தச் சட்டம் அப்படியேதான் கிடக்கும். அட்டர்னி ஜெனரலின் கை மட்டும், உங்கள் இரண்டு நிறுவனங்களைப் பொறுத்து மட்டும் கட்டப்படும். பக்கத்து லாரி நிறுவனத்துக்கு இதில் பங்கில்லை. முன்பெல்லாம் மாவட்ட நீதிபதிகள் "யார் மீதும் அமல்படுத்தக் கூடாது" என்று தாராளமாக எழுதினார்கள். 2024 ஏப்ரலில் லாப்ரடார் எதிர் போ வழக்கில் ஐடஹோ சட்டம் ஒன்றின் மேலிருந்த பொதுத் தடையை உச்ச நீதிமன்றம் வாதிகள் அளவுக்குச் சுருக்கியது. 2025 ஜூன் 27-இல் ட்ரம்ப் எதிர் காசா தீர்ப்பு, வாதிக்கு முழு நிவாரணம் தருவதற்கு மேல் போகும் தடைக்கு ஃபெடரல் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்த வழக்கு ஜனாதிபதியின் ஆணை பற்றியது, ஆனால் சொன்ன காரணம் மாநிலச் சட்டங்களுக்கும் பொருந்தும். எல்லாருக்கும் நிவாரணம் வேண்டுமென்றால் விதி 23(பி)(2)-இன் கீழ் வகுப்பு வழக்காக, அதாவது ஒரே நிலையில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து நடத்தும் வழக்காகப் போட வேண்டும். இல்லையென்றால் தொழில் சங்கத்தை வாதியாக்கி, உறுப்பினர் பட்டியலை ஆவணமாக வைக்க வேண்டும்.

---

சுங்கச்சாவடி:

வாதியே அமெரிக்க அரசாக இருந்தால் மேலே சொன்ன பதினோராவது திருத்தச் சுற்றுவழி எதுவும் வேண்டாம், மாநிலத்தின் பெயரிலேயே வழக்குப் போடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரிசோனாவின் குடியேற்றச் சட்டமான எஸ்.பி. 1070-க்கு அப்படித்தான் 2010 ஜூலையில் நான்கு பிரிவுகளுக்குத் தடை வந்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் மூன்றை வீழ்த்தி ஒன்றை விட்டுவைத்தது.

எதிர்த்திசையில் கதவு மூடியே இருக்கிறது. மாநில நீதிமன்றம் ஃபெடரல் அதிகாரியைத் தடுக்கும் உத்தரவு போட முயன்றால், அவர் 28 யு.எஸ்.சி. 1442-இன் கீழ் வழக்கை ஃபெடரல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விடுவார்.

---

கட்டளை39:

கடைசியாக ஒன்று. தடை கிடைத்து, நிறுவனம் பழையபடி அடையாளம் பார்க்காமலே விநியோகிக்கிறது. எட்டு மாதம் கழித்து மேல்முறையீட்டில் தடை ரத்தாகிறது. அந்த எட்டு மாதத்துக்கு அபராதம் போடலாமா?

---

ஓரக்குறிப்பு:

மேல்முறையீடு 28 யு.எஸ்.சி. 1292(ஏ)(1)-இன் கீழ் உடனே வரும், 30 நாளுக்குள். எட்டு மாதம் கூட ஆகாமல் போகலாம். நிறுத்தி வைக்கும்படி முதலில் மாவட்ட நீதிபதியிடம் கேட்பார்கள், அவர் மறுத்ததும் மேலே ஓடுவார்கள். எஸ்.பி. 8-ஐ எதிர்த்து அமெரிக்க அரசு போட்ட வழக்கில் 2021 அக்டோபர் 6-இல் மாவட்ட நீதிபதி போட்ட தடையை ஐந்தாவது சர்க்கியூட் அக்டோபர் 8-இல் நிறுத்திவைத்தது. இரண்டே நாள்.

அபராதக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னதில்லை. எட்கர் எதிர் மைட் (1982) வழக்கில் அது எழுந்தது. நீதிபதி ஸ்டீவன்ஸ் இடைக்காலத் தடை பிற்கால அபராதத்திலிருந்து காப்பாற்றாது என்று எழுதினார். நீதிபதி மார்ஷல் காப்பாற்ற வேண்டும் என்று எழுதினார். பெரும்பான்மை தொடவில்லை.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். வரைவு உத்தரவிலேயே "இந்த உத்தரவு அமலில் இருக்கும் காலத்தில் நடந்தவற்றுக்குப் பின்னாளிலும் அபராதம் கோரக் கூடாது" என்று ஒரு வாக்கியம் கேளுங்கள். நீதிபதி மறுக்கலாம், கேட்டதாவது பதிவில் இருக்கும். தடை கையில் இருந்தாலும் கையெழுத்துப் பதிவேட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். அடையாள அட்டை பார்ப்பதால் வரும் தாமதத்தோடு ஒப்பிட்டால் அதன் செலவு சொற்பம். அபராதம் பொட்டலக் கணக்கில் வருவதால், எத்தனை பொட்டலம் உண்மையில் விதிக்கு வெளியே போனது என்று சொல்ல அப்போது அந்தப் பதிவேட்டை விட்டால் வேறு ஆதாரம் இருக்காது.